ஏழு குண்டூசியும் ஒரு ரெலெவேயும்

வாயில் ஏழு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு டெய்லரக்கா முதலில் பார்ப்பது வாசல் மிதியடியை. கடைக்குள் செருப்பு போட்டு வரக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். வெள்ளைக் கவுன் ஒன்றின் ஓரத்தை ஒருத்தி சேற்றுச் செருப்போடு மிதித்த அன்று போட்ட சட்டம் அது. மிதியடியில் கழற்றி விட்ட செருப்பை ஒரு இமைப்பொழுது பார்ப்பாள், அவ்வளவுதான். பிறகு வந்தவளைக் கண்ணாடி முன்னால் இருக்கும் மரப்பலகையில் ஏறச் சொல்லிக் கை காட்டிவிட்டு, தரையில் மண்டி போட்டு, கால்விரல்களை மடித்து, குதிகால் மேல் உட்கார்ந்து சொல்வாள்: "ரெலெவே."

பழகியவர்கள் உடனே குதிகாலை உயர்த்தி விரல்நுனியில் நிற்பார்கள். புதிதாக வருகிறவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். அப்போது கல்லாவில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும் நாத்தனார் தலையை நிமிர்த்தாமல், "குதிகாலத் தூக்குங்க, அந்த கவுனுக்குப் போடப்போற செருப்பு எவ்வளவு உசரமோ அவ்வளவு தூக்குங்க" என்பாள்.

இந்த முறை வருவதற்கு முன்னால் டெய்லரக்காவும் எல்லாரையும் போல வாயால்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். செருப்பு எவ்வளவு உயரம் என்று கேட்டால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டுவார்கள். கூச்சப்படுகிறவள் குறைத்துக் காட்டுவாள், குள்ளமாக இருக்கிறோமே என்று உள்ளுக்குள் புழுங்குகிறவள் கூட்டிக் காட்டுவாள், கூட வந்த மாமியார் மூன்றாவதாக ஒரு அளவு காட்டுவாள். "கண்ணை மூடிக்கிட்டு அந்தச் செருப்பு போட்ட மாதிரி நில்லுங்க" என்றால் மட்டும் எல்லாரும் சரியாக நின்றார்கள். "வாய்தான் புளுகுது, காலுக்குப் புளுகத் தெரியல" என்பது பல வருடம் அளவெடுத்து அவள் கண்டுபிடித்தது. இந்த வழியில் அவள் மடித்த எந்தக் கவுனும் தரையைக் கூட்டியதும் இல்லை, கணுக்காலைக் காட்டியதும் இல்லை.

அந்த வார்த்தை அவளுக்கு மாடியிலிருந்து கிடைத்தது. கடைக்கு மேலே பாலே டான்ஸ் சொல்லிக்கொடுக்கிற ஹால். டீச்சர் முதுகுக்குள் ஸ்கேல் வைத்துத் தைத்த மாதிரி நிமிர்ந்து நடக்கிறவள், படி இறங்கும்போதுகூடக் கீழே பார்க்கமாட்டாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஆண்டுவிழாப் பாவாடைகளுக்கு அளவெடுக்க டெய்லரக்கா முதல் தடவை மேலே போனாள். முப்பது பிள்ளைகள் சந்தைக்கடையாகக் கத்திக்கொண்டிருந்தன. டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "ரெலெவே" என்றாள். முப்பது ஜோடிக் குதிகாலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழுந்தன. சத்தமும் அடங்கியது. டெய்லரக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொன்னால் அவளே சிரிப்பாள். ஆனால் வாயைப் பிளந்ததில் இரண்டு ஊசி கீழே விழுந்தது உண்மை.

அது பிரெஞ்சு வார்த்தை, எழுப்பியது என்று அர்த்தம் என்று டீச்சர் சொன்னாள். இந்த டான்ஸ் எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த வார்த்தையும் கூடவே போனதாம். பிள்ளைகளைத் திட்டுவதெல்லாம் அவரவர் பாஷையில், இதற்கு மட்டும் எல்லா ஊரிலும் இதுவே.

"ஏன், அவங்க பாஷையில எந்திரின்னு ஒரு வார்த்தை கிடையாதா?" என்று கேட்டாள் டெய்லரக்கா.

"இருக்கு. ஆனா எந்திரின்னு சொன்னா பிள்ளைங்க எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடும். இதச் சொன்னா குதிகால் மட்டும்தான் எந்திரிக்கும்."

அந்தப் பதில் டெய்லரக்காவுக்குப் பிடித்துப் போனது. காஜா எடுக்க ஒரு ஊசி, பட்டன் தைக்க ஒரு ஊசி என்று வைத்திருக்கிறவள் அவள். ஒரு வேலைக்கென்று தனியாக ஒரு சாமான் இருந்தால் அதை விடமாட்டாள். அதைவிடப் பெரிய லாபம் ஒன்றும் இருந்தது. 'குதிகாலைத் தூக்கி அப்படியே அசையாமல் நில்லுங்கள்' என்று முழுசாகச் சொன்னால் வாயில் இருக்கும் ஊசியெல்லாம் உதிர்ந்துவிடும். ரெலெவே என்பதற்கு உதட்டைப் பெரிதாக அசைக்க வேண்டியதில்லை. ஊசி ஊசியாகவே இருக்கும், பேச்சும் முடிந்துவிடும்.

கீழே கொண்டுவந்த வார்த்தையை அவள் சும்மா வைத்திருக்கவில்லை. ரெலெவே போடுங்க, ரெலெவேல நில்லுங்க, பாதி ரெலெவே போதும், என்ன ரெலெவே தள்ளாடுது என்று அதற்குக் கை வைத்தாள், காலர் வைத்தாள். பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் ரெலெவே போட்டுத்தான் பஸ் கண்ணாடி துடைப்பதாகச் சொல்ல ஆரம்பித்தார். எதிர் மருந்துக்கடைக்காரர் மேல் தட்டில் இருக்கும் பாட்டிலை எடுக்க ஆளுக்குச் சொல்லும்போது அதைத்தான் சொல்கிறார். ஒருநாள் மாடி டீச்சர் மருந்துக்கடைக்குப் போய், இருமல் மருந்துக்கு ஒருத்தர் முழங்காலை மடக்கிக்கொண்டு ரெலெவே போடுவதைப் பார்த்துவிட்டு நேராகத் தையல்கடைக்கு வந்தாள். ரெலெவே என்றால் முழங்கால் நேராக இருக்க வேண்டும், வயிறு உள்ளே போக வேண்டும், அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

டெய்லரக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அப்படி எடுத்தாள் என்றால் பேச்சு நீளும் என்று அர்த்தம். "டீச்சர், என் கடைக்கு வர்ற துணியில பாதி எங்கெங்கேயோ தைச்சு வந்ததுதான். அப்படியேவா மாட்டிக்கிறாங்க? இடுப்பு பிடிக்கிறோம், கை குறைக்கிறோம். உங்க வார்த்தையும் நம்ம ஆளுங்க உடம்புக்குத் தக்கன கொஞ்சம் பிடிச்சுவிட்டேன். ஒரிஜினல் உங்ககிட்டதான இருக்கு."

டீச்சர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேறினாள். அன்றிலிருந்து சிநேகம்.

நாத்தனாரைப் பற்றிச் சொல்லாவிட்டால் கடையைப் பற்றிச் சொன்னதாக ஆகாது. வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று தீர்த்துச் சொல்லிவிட்டு அண்ணன் வீட்டோடு வந்தவள். பொத்தான், கொக்கி, டெலிபோன், வம்பு நாலும் அவள் பொறுப்பு. அண்ணிக்கும் அவளுக்கும் நாள் முழுக்க வாய்ச்சண்டை நடக்கும், மத்தியானம் ஒரே டிபன்பாக்ஸில் சாப்பிடுவார்கள். ஒரே ஒரு விஷயம் அவளுக்கு ஆகாது. வாயில் ஊசி. "எச்சி ஊசி" என்று மூக்கைச் சுளிப்பாள். அவள் ஊசியெல்லாம் மணிக்கட்டில் கட்டிய பஞ்சு மெத்தையில்தான் குத்தியிருக்கும். தொழில் பழகாத கைக்குத்தான் மெத்தை வேண்டும் என்பாள் டெய்லரக்கா. அதற்கு நாத்தனார், அண்ணி வாயை அடைக்க அண்ணன் செய்துவைத்த ஏற்பாடுதான் அந்த ஊசிகள் என்பாள்.

நாலு மாசத்துக்கு முன்னால் உயரக் கம்பியில் கவுன் மாட்டப் படிவைத்த ஸ்டூலில் ஏறிய டெய்லரக்கா, இறங்கும்போது ஒரு படியைத் தவறவிட்டாள். 'டப்' என்று ஒரு சத்தம். வலிப்பதற்கு முன்னால் அவள் திரும்பிப் பார்த்து, "யாருடி துணியைக் கிழிச்சது?" என்றாள். கிழிந்தது துணி இல்லை, இடது குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநார். ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் பிரித்த அன்று டாக்டர் போட்ட தையலைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, உள்பக்கம் எப்படியோ, வெளிப்பக்கத் தையலில் நெருக்கம் போதாது என்று டாக்டரிடமே சொன்னாள்.

கால் ஆறிவிட்டது. நடந்தாள், படியேறினாள், மெஷினை வலது காலால் மிதித்தாள். ஒன்றுதான் வரவில்லை. தரையில் மண்டி போட்டு விரல் மடித்து உட்காரக் கூடாது என்று பிசியோதெரபிக்காரர் சொல்லியிருந்தார். இடது காலில் மட்டும் நின்று, பிடிமானம் இல்லாமல், ஒரே ஒரு தடவை குதிகாலை உயர்த்திக் காட்டினால் அன்றைக்கே உட்காரலாம், அதுவரை நாற்காலிதான். அவர் சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டி இதற்கு இன்ன பேர் என்று இங்கிலீஷில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"தம்பி, அதுக்குப் பேரு ரெலெவே" என்றாள் டெய்லரக்கா.

பேர் தெரிந்து என்ன செய்ய? குதிகால் தரையோடு பசை போட்டு ஒட்டினது போல இருந்தது. வலது காலுக்கு அவள் சொன்னதும் கேட்டது. இடது காலுக்குக் காது போய்விட்டது. ஊரையே பதினோரு வருடமாக எழுப்பி நிறுத்தியவள் கிளினிக்கில் வாரம் மூன்று நாள் சுவரைப் பார்த்து நின்று பல்லைக் கடித்தாள். பக்கத்தில் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட லாரி டிரைவர் ஒருவர், அதற்குப் பக்கத்தில் பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருத்தி. மூன்றாவது வாரம் பிசியோக்காரரும் அந்த வார்த்தைக்கு மாறிவிட்டார். "டிரைவர் சார், ஒரு பத்து ரெலெவே" என்று அவர் சொல்ல, டிரைவர் சார் போட்டார். டெய்லரக்காவால்தான் ஒன்றுகூடப் போட முடியவில்லை.

இந்த இடைவெளியில் தரை வேலை நாத்தனாரிடம் வந்தது. அவளுக்குப் பெருமைதான். முதல் வாரமே ஆஸ்பத்திரி நர்சுகள் ஆறு பேர் புது யூனிபாரம் பேண்ட்டுக்கு நீளம் குறைக்க வந்தார்கள். டெய்லரக்கா அன்று கிளினிக்கில். நாத்தனார் மண்டி போட்டாள், ஆறு பேரையும் வரிசையாகப் பலகையில் ஏற்றினாள், ஆறு பேரிடமும் கணீரென்று சொன்னாள்: "ரெலெவே." ஆறு பேரும் உயர்ந்தார்கள். கச்சிதமாக மடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் நர்சுகள் ஆறு பேரும் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார்கள். வார்டு வார்டாகத் தரையைக் கூட்டிக்கொண்டு நடந்தார்களாம். ஒரு நோயாளி, இனிமேல் துடைப்பக்காரம்மா வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். டெய்லரக்கா மிதியடியைப் பார்த்தாள். ஆறு ஜோடி வெள்ளைச் செருப்பு, எல்லாம் தோசைக்கல் மாதிரித் தட்டை.

அவர்கள் போன பிறகு அவள் நாத்தனாரைப் பிடித்து உலுக்கிவிட்டாள். நாள் முழுக்க நின்று நடக்கிறவள் குதிகால் செருப்பா போடுவாள், கண் எங்கே போயிற்று, எடுத்தவுடன் ரெலெவேயா என்று கேட்டாள். நாத்தனார் வழக்கம் போல எகிறவில்லை. மணிக்கட்டு மெத்தையில் ஊசியைக் குத்தி எடுத்து, குத்தி எடுத்து, மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க மொதல்ல செருப்பப் பாக்குறீங்கன்னு எனக்கு எப்படி அண்ணி தெரியும்? ரெலெவேன்னு சொல்றது கேக்குது. பாக்குறது கேக்காதே. ஒரு நாளாவது வாயத் திறந்து சொல்லியிருக்கீங்களா?"

டெய்லரக்கா முதல் பேண்ட்டை எடுத்து ஓரத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள். அன்று பேண்ட் ஆறையும் இரண்டு பேருமாகப் பிரித்துத் தைத்தார்கள்.

நர்சு கதை மாடிக்குப் போகாமல் இருக்குமா? இந்த வருடம் ஆண்டுவிழாவுக்கு முப்பத்தாறு நீளப் பாவாடை. டீச்சர் இறங்கி வந்து, மனசில் இருப்பதை மறைக்காமல் சொன்னாள். சிநேகம் வேறு, ஓரம் வேறு. பாவாடை அரை விரல் கூடினாலும் பிள்ளை மேடையில் தடுக்கி விழும். டெய்லரக்கா தரையில் உட்கார்ந்து மடிப்பதானால் சரி, முடியாது என்றால் ரெடிமேடு குட்டைப் பாவாடைக்குப் போய்விடுவாள்.

அவள் போன பிறகு டெய்லரக்கா மெஷினில் துணியைப் போட்டுவிட்டு மிதிக்காமல் உட்கார்ந்திருந்தாள். தைக்கிறதை யாரும் தைப்பார்கள். தெருவுக்குத் தெரு மெஷின் இருக்கிறது. ஒரு உடம்பு நிற்கிற நிலையைக் கீழேயிருந்து பார்த்துச் சரியான இடத்தில் மடிக்கிறதுதான் அவள் தொழில். அது தரையில் இருந்தால்தான் நடக்கும். இந்த முப்பத்தாறும் போனால், அவள் மிச்ச வருடங்களுக்கெல்லாம் நாற்காலிக்காரிதான்.

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் லாரி டிரைவர், ஹெட்மிஸ்ட்ரஸ், பிசியோக்காரர் மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். டெய்லரக்கா வலது காலைத் தூக்கிக்கொண்டு, இடது காலை முறைத்தாள். வேர்த்ததுதான் மிச்சம். குதிகாலுக்கு அடியில் ஒரு காகிதம்கூட நுழையாது. அவசரப்படக் கூடாது என்றார் பிசியோக்காரர். லாரி டிரைவர், பெரிய வண்டி கிளம்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்றார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மாடிக்கு ஏறி, தன்னால் தரையில் உட்கார முடியவில்லை என்பதை டீச்சரிடம் அப்படியே சொன்னாள். நாளை நாத்தனார் மடிக்கட்டும், தான் நாற்காலியில் இருந்து பார்க்கிறேன், முதல் பத்துப் பாவாடையில் ஒன்று கோணினாலும் மீதியை ரெடிமேடுக்கு விட்டுவிடுங்கள் என்றாள். டீச்சர் யோசித்து, பத்துதான் என்றாள்.

சனிக்கிழமை காலை ஹாலில் ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் பெஞ்சு. பெஞ்சு மேல் பிள்ளைகளின் பை மலையாகக் குவிந்திருந்தது. பெஞ்சுக்கு அந்தப் பக்கம் பிள்ளை நிற்க, நாத்தனார் தரையில். இந்தப் பக்கம் நாற்காலியில் டெய்லரக்கா. ஒரு ஊசிகூடக் குத்தப் போவதில்லை, ஆனாலும் பழக்கதோஷம், வாயில் ஏழு ஊசி. டான்ஸ் பாவாடைக்கு முறை வேறு. முதலில் தட்டையாக நிற்க வைத்து மடிக்க வேண்டும். அப்புறம் ரெலெவே சொல்லி உயர்த்திப் பார்க்க வேண்டும். உயரும்போது எந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கத்து இடுப்பு தூக்கிக்கொள்கிறது என்று அப்போதுதான் தெரியும். இதை முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டில் ஒன்றுவிடாமல், வாயைத் திறந்து, நாத்தனாருக்குச் சொல்லியிருந்தாள். சொல்லச் சொல்ல, தனக்கு இவ்வளவு தெரியுமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

எட்டுப் பாவாடை நூல் பிடித்தாற்போல வந்தது. டீச்சர் ஒவ்வொரு தடவையும் அடுத்த பிள்ளையைக் கை காட்டினாள். அது நல்ல சகுனம். ஒன்பதாவது ஒரு வாலுப் பிள்ளை. தட்டையாக நின்றபோது சரியாக இருந்த ஓரம், உயர்ந்ததும் வலது பக்கம் ஒரு விரல் ஏறியது. நாத்தனார் பிரித்து மறுபடி மடித்தாள். மறுபடியும் ஏறியது. டீச்சர் இரண்டு எட்டு கிட்டே வந்தாள். நாத்தனார் காது சிவந்துவிட்டது.

கோளாறு ஓரத்தில் இல்லை என்பது மேலேயிருந்து பார்த்த டெய்லரக்காவுக்குத் தெரிந்தது. இடுப்புக் கொக்கியைப் பிள்ளை ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருந்தது, உயரும்போதெல்லாம் பட்டை ஒரு பக்கம் இழுத்தது. சொல்லலாம் என்றால் வாயில் ஊசி. எழுந்தாள். பெஞ்சுக்கும் பை மலைக்கும் மேலாகக் கையை நீட்டினாள். எட்டவில்லை. இன்னும் நீட்டினாள். இப்படி நீட்டும்போது உடம்பு சமநிலைக்காக ஒரு காலைப் பின்னால் தூக்கிக்கொள்ளும். வலது கால் பின்னால் காற்றில் போயிற்று. கொக்கி இரண்டு விரல் தள்ளி இருந்தது. கொக்கியைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் அவள் கண்ணில் இல்லை. இன்னும் கொஞ்சம் எம்பினாள், பிடித்தாள், கழற்றினாள், சரியான ஓட்டையில் மாட்டினாள். ஓரம் சரசரவென்று இறங்கி நேராக நின்றது.

தரையில் இருந்த நாத்தனார் ஓரத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சுக் காலுக்கு நடுவே அந்தப் பக்கம் தெரிந்த அண்ணியின் இடது குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தினால் அண்ணி பயந்து விழுந்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். கையில் இருந்த ஸ்கேலைப் பெஞ்சுக்கு அடியில் மெதுவாகத் தள்ளி, குதிகாலுக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தினாள்.

"அண்ணி, அப்படியே. அசையாதீங்க."

வாடிக்கைக்காரர்களிடம் டெய்லரக்கா சொல்கிற அதே குரல். டெய்லரக்கா குனிந்து பார்த்தாள். ஸ்கேலைப் பார்த்தாள். அதில் தன் குதிகால் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். நாத்தனார் சாக்பீஸால் ஸ்கேலில் ஒரு கோடு போட்டாள். அதற்கு அப்புறம்தான் குதிகால் இறங்கியது.

டெய்லரக்கா பெஞ்சைச் சுற்றி வந்தாள். கண்ணாடி முன்னால் பிள்ளைகள் பிடித்து ஆடுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஒரு முழங்கால், இன்னொரு முழங்கால், பிறகு விரல்களை மடித்து, குதிகால் மேல் உட்கார்ந்தாள். முழங்கையால் நாத்தனாரை ஒரு இடி இடித்துத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டாள். வாயில் இருந்து மூன்று ஊசியை எடுத்து நாத்தனார் கையில் வைத்தாள். நாத்தனார் மூக்கைச் சுளித்தாள். ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்தாள். மெத்தையில் குத்தப் போனவள் நிறுத்தி, உதட்டில் வைத்துக் கவ்விக்கொண்டாள்.

பத்தாவது பிள்ளை வந்து நின்றது. இரண்டு பேர் கண்ணும் ஒரே சமயத்தில் முதலில் அதன் காலுக்குப் போயின. தட்டையாக நிற்க வைத்து இரண்டு பக்கமும் இரண்டு பேர் மடித்தார்கள், குத்தினார்கள். பிள்ளை அடுத்த வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு நின்றது. இரண்டு வாயிலும் ஊசி இருந்தது.

டெய்லரக்கா ஆள்காட்டி விரலை மட்டும் மேலே உயர்த்தினாள்.